எங்கள் வீட்டுக் குதிர்கள்

உங்கள் வீட்டு ஹாலில் உள்ள சாமான்களிலேயே எது பெரியது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஊஞ்சல் என்பீர்கள். பாட்டி காலத்துத் தேக்கு பீரோ என்பீர்கள். உங்களில் கொஞ்சம் குறும்புக்காரர்கள், "எங்கள் வீட்டு ஐயாதான், சாய்வு நாற்காலியோடு சேர்த்து அளந்தால்" என்று சொன்னாலும் சொல்வீர்கள். நீங்களெல்லாம் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் ஹாலில் நிற்பவை இரண்டு ஒலிபெருக்கிகள்.

ஒலிபெருக்கி என்றதும், ஷெல்பில் பூச்சாடிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்குமே, அந்தச் சின்னப் பெட்டிகளை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவை ஒவ்வொன்றும் 4½ அடி உயரம், 3 அடி அகலம், 2½ அடி ஆழம். எடை 60 கிலோவுக்குக் குறையாது. அடியில் ஒரு மரப் பெட்டி. அதற்குள் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக 15 அங்குலக் காகிதக் கூம்பு. பெட்டியின் தலைமேல், கொட்டாவி விட்டபின் வாயை மூட மறந்துவிட்டாற்போல ஓர் இரும்புக் குழல். நிறமோ, கூட்ஸ் வண்டிக்கு அடித்தது போக மிச்சமிருந்த வர்ணமோ என்று சந்தேகப்படும்படியான ஒரு சாம்பல். எங்கள் ஹால் 14 அடிக்கு 11 அடி. ஆகவே எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் நேராக நடந்து உள்ளே வருவதில்லை. நண்டைப் போலப் பக்கவாட்டில்தான் வருவார்கள்.

நாங்கள் இருப்பது ஏற்காட்டில். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,000 அடி உயரத்தில், சேர்வராயன் மலையில் உள்ள ஊர். காப்பிச் செடிகள், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள், அந்த மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடிகள். சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அடுத்த வீட்டில் தாளிக்கிற ஓசை நம் வீட்டு அடுப்பில் கேட்பதுபோலக் கேட்கும். அப்படிப்பட்ட ஊரில், நூற்றுக்கணக்கான பேர் உட்காருகிற சினிமாக் கொட்டகைக்கு வேண்டிய ஒலிபெருக்கிகளை ஒரு மனிதர் வாங்கி வைத்துக்கொள்ளுவானேன்?

அந்த மனிதர் என் வீட்டுக்காரர். காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வெற்றிலை, சீட்டு, அரட்டை ஒன்றும் கிடையாது. "ஒரு பழக்கமும் இல்லாத மாப்பிள்ளை" என்று என் தகப்பனார் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பழக்கமும் இல்லாதவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

2012-ஆம் வருஷம் சேலம் ஜில்லாவில் ஒரு பழைய சினிமாக் கொட்டகையை மூடினார்கள். இவர் பையனாக இருந்தபோது பெஞ்சு டிக்கெட் வாங்கிப் படம் பார்த்த கொட்டகை. சாமான்களையெல்லாம் எடைக்குப் போடப் போகிறார்கள் என்று அங்கே படம் ஓட்டிக்கொண்டிருந்த ஆபரேட்டர் சொல்லியனுப்பினார். இவர் மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கிவிட்டார்.

சேலத்துக்காரர்களுக்குச் சினிமா என்பது சொந்த ஊர்ச் சரக்கு. ஏற்காட்டுக்கு ஏறுகிற சாலையில்தான் டி. ஆர். சுந்தரம் அவர்களின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இருந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழில் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் அந்தக் கம்பெனி எடுத்தவைதாம். ஸ்டூடியோ போய்விட்டது; வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. பஸ் அதைத் தாண்டும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் கோபுரத்தைக் கண்டாற்போலக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

சினிமாக் கொட்டகையில் ஒலிபெருக்கி எங்கே இருக்கும், தெரியுமா? திரைக்குப் பின்னால். திரை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத பொடி ஓட்டைகள் போட்டிருப்பார்கள். அவற்றின் வழியாக வருவதால்தான் கதாநாயகியின் குரல் அவள் உதட்டிலிருந்தே கிளம்புவதுபோல நமக்குத் தோன்றுகிறது. யார் கண்ணிலும் படப்போவதில்லை என்பதால் செய்தவர்கள் அழகைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. இப்படி ஆயுள் முழுவதும் கோஷாவாக இருக்கப் பிறந்தவை என் ஹாலில் வந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றன.

நின்றன என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எங்கள் வாசல் நிலை 2 அடி 4 அங்குலம். பெட்டியை நிறுத்திப் பார்த்தார்கள், படுக்கப் போட்டுப் பார்த்தார்கள், லாரிக்காரர் தமக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் சொல்லிப் பார்த்தார். கடைசியில் தச்சர் வந்து ஹால் ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து, பெட்டிகளை உள்ளே விட்டு, மறுபடியும் ஜன்னலைப் பூட்டினார். பூட்டு கூலியும் பெயர்ப்புக் கூலியும் தனித்தனி.

என் மாமியார் இத்தனையையும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தபின், "குதிர் வந்திடுச்சு. நெல்லு எப்போப்பா வரும்?" என்று மகனைக் கேட்டார். அன்றிலிருந்து அவற்றுக்குக் குதிர்கள் என்றே பெயர். இதிலும் ஒரு வில்லங்கம் வந்தது. "எம் மவன் ரெண்டு குதிரை வாங்கியிருக்கான்" என்று அவர் போகிற வருகிறவர்களிடம் சொல்ல, தெருக் குழந்தைகள் ஒரு வாரம் எங்கள் வீட்டுக் கொல்லையில் குதிரை தேடிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் கோடைக்கு வந்திருக்கிறீர்களா எங்கள் ஊருக்கு? வந்திருந்தால் ஒரு விஷயம் புரிந்திருக்கும். மலையில் குடியிருப்பவர்களுக்கு மே மாதத்தில் மட்டும் உறவினர்கள் பெருகுவார்கள். ஒன்றுவிட்ட அத்தையின் ஓரகத்தி மகள் முதற்கொண்டு எல்லோருக்கும் நம் விலாசம் ஞாபகம் வந்துவிடும். ஏரி, பகோடா பாயிண்ட், லேடீஸ் ஸீட் எல்லாம் காட்டியாகும். தாவரவியல் தோட்டத்தில் தட்டினால் மணியைப் போல ஒலிக்கிற பாறையையும் தட்டியாகும். பிறகு எங்கள் ஹால்.

இந்தப் பதின்மூன்று வருஷங்களில் எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டார்கள். நானும் அவர்களைப் பார்த்துவிட்டேன். ஆண்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை வாட்?" பெண்கள் கேட்பதும் ஒரே கேள்வி: "யார் துடைக்கிறது?" இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரியும். முதல் கேள்விக்கு என் வீட்டுக்காரர், "எட்டு" என்பார். எண்ணூறா என்று மறுபடி கேட்பார்கள். "எட்டுதான். வால்வு ஆம்ப்ளிபயர்" என்பார். வந்தவருடைய முகம் விழுந்துவிடும். ஊரில் தம் மச்சினன் ஆயிரம் வாட் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிப்பார்.

பெரியது என்றால் இரைச்சல் என்பது ஜனங்களின் தீர்மானம். காதணி விழாவுக்குக் கேட்டு வந்தவர்கள் உண்டு. கட்சிக் கூட்டத்துக்குக் கேட்டு வந்தவர்கள் உண்டு. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாச் சமயத்தில் ஒருவர், "மைக் செட்டுக்காரன் கூடக் கேட்கிறான்; இதை மரத்தில் கட்டிவிட்டால் போதாதா?" என்று யோசனை சொன்னார். எந்த மரத்தில் என்று என் மாமியார் கேட்டார். அவர் பெட்டியைப் பார்த்தார், எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஆரஞ்சு மரத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

என் தங்கை மகன் ஒரு முறை சட்டைப்பையிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை எடுத்துக் காட்டி, "பெரியம்மா, நீங்கள் ஹாலை அடைத்து வைத்திருக்கிறதெல்லாம் இதுக்குள்ளே இருக்கு" என்றான். எனக்கு வாயெல்லாம் பல். இவரோ கோபித்துக்கொள்ளாமல், அதே பாட்டை அதில் ஒரு தரம், குதிரில் ஒரு தரம் போட்டார். பையன் கேட்டான். "மிருதங்கத்தில் இடது பக்கம் ஒன்று இருக்கு போலிருக்கே?" என்றான். அவ்வளவுதான், இரண்டு பேரும் ராத்திரி சாப்பாட்டுக்கு எழுந்து வரவில்லை.

கொலுவைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஹாலில் படி கட்ட இடமில்லாததால், நவராத்திரிக்குக் குதிர்களின் மேலேயே பலகை போட்டு, பட்டு விரித்து, பொம்மைகளை வைத்துவிட்டேன். நாலாம் நாள் இவர் ஒரு கச்சேரியைப் போட்டார். தனி ஆவர்த்தனம் வந்தது. செட்டியார் பொம்மை, கடையை அப்படியே போட்டுவிட்டு, அரிசி பருப்பு ஒன்றையும் கவனிக்காமல், தாளம் தவறாமல் ஒவ்வோர் அங்குலமாக நகர்ந்து பலகையின் விளிம்புக்கு வந்துவிட்டார். மோரா வைப்பதற்குள் ஓடிப் போய்ப் பிடித்தேன். அப்புறம் தசமி வரைக்கும் வெறும் புல்லாங்குழல்தான்.

இவ்வளவு பெரிதாக ஏன் செய்ய வேண்டும் என்று நானும் ஒரு நாள் கேட்டேன். கேட்டால் பதில் அரை மணி நேரம். உங்களுக்கு நான் சுருக்கிச் சொல்கிறேன்.

சப்தம் என்பது காற்றில் ஓடும் அலை. ஸ்வரம் தாழ்ந்து போகப் போக அலை நீண்டுகொண்டே போகும். விநாடிக்கு 40 தடவை அதிரும் அடித் தொனிக்கு ஓர் அலையின் நீளம் சுமார் 28 அடி. அதாவது எங்கள் ஹாலைப் போல இரண்டு பங்கு. அதை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கைவிசிறியை மூச்சிரைக்க வீசியும் தள்ளலாம். கோயில் ஆலவட்டத்தை லேசாக அசைத்தும் தள்ளலாம். சின்னப் பெட்டி முதல் வகை, குதிர் இரண்டாவது வகை. மேலே இருக்கும் குழலோ, நாம் தூரத்தில் போகிறவர்களைக் கூப்பிடக் கையை வாயருகில் குவித்துக்கொள்கிறோமே, அதே வேலையைச் செய்கிறது. வீட்டில் வைக்கிற சின்ன ஒலிபெருக்கிகள் நூறு பங்கு மின்சாரம் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு பங்கைக்கூடச் சப்தமாக மாற்றுவதில்லை. மற்றதெல்லாம் உஷ்ணமாகப் போய்விடும். அந்தக் காலத்து வால்வுகளுக்குச் சக்தி குறைவு. கொடுத்ததை வீணாக்காமல் இருக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அத்தனை பெரிய பெட்டி. மெதுவாக வைத்தாலும் பாட்டில் ஒன்றும் குறையாமல் கேட்க வேண்டுமானால் பெரிய பெட்டிதான் லாயக்கு என்பது இவருடைய கட்சி. இதைச் சொல்லிவிட்டு, பேச்சுக் குரலுக்கு மேல் போகாமல் ஒரு வீணை போட்டார். கட்சி நியாயமானதுதான் என்று எனக்கும் பட்டது. சொல்லவில்லை. சொன்னால் மூன்றாவது குதிர் வந்துவிடும்.

அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் என்பவர் 1946-லேயே வீட்டுக்கென்று இப்படி ஒரு பெரிய குழல் ஒலிபெருக்கியைச் செய்து விற்க ஆரம்பித்தாராம். அது அறையின் மூலையில்தான் நிற்கும். இரண்டு பக்கத்துச் சுவர்களும் குழலின் தொடர்ச்சியாகிவிடும். ஆக, வீடே வாத்தியத்தின் ஒரு பாகம்! பிறகு 1954-ல் எட்கர் வில்ச்சூர் என்பவர் புத்தக அலமாரியில் அடங்குகிற பெட்டிக்குள்ளேயே அடித் தொனியை வரவழைத்துக் காட்டினார். அதற்கு நாலு வருஷம் கழித்து, 1958-ல், ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. அதுவரை ஒன்று போதும். அதற்குமேல் இரண்டு வேண்டும். ஒரு குதிரைச் சகித்துக்கொண்ட குடும்பத் தலைவிகள் இரண்டாவதற்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க அதிகப் புத்தி வேண்டாம். சின்னப் பெட்டிகள் ஜெயித்துவிட்டன.

இதற்கென்று ஒரு பதமே உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? 'மனைவி ஒப்புக்கொள்ளும் அளவு' என்று அர்த்தப்படும் ஒரு சொல்லை 1983-ல் லாரி கிரீன்ஹில் என்பவர் ஓர் அமெரிக்க சங்கீத யந்திரப் பத்திரிகையில் எழுதினார். சொல்லை உண்டாக்கியவர் தம்மோடு எழுதும் லூயிஸ் லிப்னிக் என்று பெயரையும் சொல்லிவிட்டார். அன்று முதல் இந்த மாதிரி சாமான்களை விமர்சிப்பவர்கள், சப்தம் எப்படி, விலை எப்படி என்பதோடு மனைவி எப்படி என்பதையும் பார்க்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டும். ஆட்டுக்கல், அம்மி, உரல், குந்தாணி, தண்ணீர் அண்டா இவையெல்லாம் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்த காலத்தில், 'கணவன் ஒப்புக்கொள்ளும் அளவு' என்று யாராவது பதம் கண்டுபிடித்தார்களா? அவர்கள் அதன் பக்கமே வரவில்லை. அதனால் அளவு தெரியவில்லை.

நிற்க. வெளியார் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழே, சரிவில், ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியை தனியாக இருக்கிறார். டீச்சரம்மா என்றுதான் ஊரே கூப்பிடும். குதிர்கள் வந்த மூன்றாம் மாதம் அவர் வீட்டு வேலைக்காரப் பெண் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்தாள். பரீட்சைத் தாளில் திருத்துகிற மாதிரி சிவப்பு மையில் எழுதியிருந்தது: "தம்பிக்கு. இரவில் உங்கள் வீட்டிலிருந்து டம் டம் மட்டும் வருகிறது. பாட்டு வரவில்லை. ஒன்று, பாட்டையும் சேர்த்து அனுப்பவும். இல்லையேல் டம் டம்மையும் நிறுத்தவும்."

இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று ராத்திரி சட்ட புஸ்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். நம் வீட்டு வாத்தியத்தின் சப்தம் நம் எல்லையில் அதற்கு மேல் 5 டெசிபல் வரை போகலாம். 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும் இதையெல்லாம் உறுதிப்படுத்தியிருக்கிறது. "நாம் அதற்குள்ளேதான் இருக்கிறோம்" என்று காலையில் டீச்சரம்மாவிடம் போய்ச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன், சமாதானத்துக்குக் கொஞ்சம் முறுக்கு எடுத்துக்கொண்டு.

"சட்டம் சரிதான் தம்பி. அந்த டெசிபல் மிஷின் என்னைப் போலப் பத்து மணிக்குப் படுத்துக்குமா?" என்றார் டீச்சரம்மா.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. கீச்சுத் தொனிகளைச் சுவரும் கதவும் தடுத்துவிடும். அடித் தொனி எதையும் மதிக்காது, சுவரையே அதிரவைத்துக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு, மலைச் சரிவில் ராத்திரி நேரம் தரைக்கு அருகே உள்ள காற்று குளிர்ந்துபோய், மேலே போக வேண்டிய சப்தம் வளைந்து கீழேயே வந்து இறங்கும். பகலில் ஆயிரம் சத்தத்தில் கரைந்துபோவது இரவின் நிசப்தத்தில் தனியாக நிற்கும். இதையெல்லாம் டீச்சரம்மாவுக்கு விளக்கிச் சொன்னவரும் இவர்தான். சொல்லி முடிக்கும்போது தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லிவிட்டதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார். அன்று முதல் இரவு 8 மணிக்கு மேல் குதிர்கள் வாயைத் திறப்பதில்லை. முறுக்கை டீச்சரம்மா வாங்கிக்கொண்டார்.

இப்போது என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருக்கு வயசு 86. ஏழெட்டு வருஷங்களுக்கு முன்னால் காது மந்தமாக ஆரம்பித்தது. நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக் கத்துவோம். "ஏன் கண்ணு கத்தறே? சத்தம் கேக்குது, பேச்சுத்தான் புரியலே" என்பார். டாக்டர் சொன்னதும் அதையேதான். வயசான காதில் முதலில் போவது கீச்சுத் தொனி. ச, த, க என்று வார்த்தைக்கு எலும்பாக இருக்கிற எழுத்துக்களெல்லாம் அந்தப் பக்கம்தான். ஆ, ஊ என்ற சதைப்பற்று மட்டும் மிஞ்சும். எலும்பில்லாத வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காது மிஷின் வாங்கினோம். நல்ல மிஷின்தான். பேசும்போது போட்டுக்கொள்வார். பாட்டுக்கு மட்டும் கழற்றிவிடுவார். "இதிலே சுந்தராம்பா தகரத்திலே பாடறா" என்பார்.

கே. பி. சுந்தராம்பாள் அவருக்குக் குலதெய்வம் மாதிரி. 'அவ்வையார்' படம் வந்த 1953-ல் இவருக்கு 14 வயசு. வீட்டில் பெண்களை வண்டி கட்டி அழைத்துப் போன ஒரே படம் அதுதானாம். டெலிவிஷனில் எப்போதாவது அந்தக் குரல் வந்தால் கிட்டே போய் நிற்பார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்னமோ" என்று திரும்பிவிடுவார். வீட்டில் ஒருவர் மெல்ல மெல்ல ஒதுங்கிப் போவது எப்படி இருக்கும் என்று உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிரிக்கிற இடத்தில் எல்லோரும் சிரித்த பிறகு சிரிப்பார். அப்புறம் அதுவும் இல்லை. பூஜை அறை, திண்ணை, படுக்கை என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் நான் குதிர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் தட்டுத் தடுமாறி வந்தவர், விழாமல் இருக்க இடப்பக்கத்துக் குதிரின்மேல் உள்ளங்கையை ஊன்றினார். ஊன்றிய கையை எடுக்கவில்லை. அப்படியே நின்றார். "ஏங் கண்ணு, இது கொண்டாளா?" என்று என்னைக் கேட்டார்.

யார் என்று எனக்குப் புரியவில்லை. ஓடிக்கொண்டிருந்தது சுந்தராம்பாளின் பழைய பாட்டு என்பது அப்புறம்தான் உறைத்தது. 'கொண்டாள்' என்று அவர் கேட்டது, கச்சேரியை அந்த அம்மாள் பிடித்துக்கொண்டுவிட்டாளா, ஏறிவிட்டாளா என்று. அவர்கள் ஊர்ப் பேச்சு.

கைக்கும் காது உண்டு என்று இவர் சொன்னார். ஸ்காட்லாந்தில் எவெலின் கிளென்னி என்ற அம்மாள், காது அநேகமாகக் கேட்காமலேயே, உடம்பில் அதிர்வை உணர்ந்து தாள வாத்தியம் வாசித்து உலகப் புகழ் பெற்றிருக்கிறாராம். இருக்கட்டும். எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான்: இடப்பக்கத்துக் குதிருக்கு அருகில் ஒரு முக்காலி போட்டோம். தினமும் சாயங்காலம் 5 மணிக்கு என் மாமியார் அதில் உட்கார்ந்து, முதுகைப் பெட்டியில் சாய்த்துக்கொண்டு, கையை அதன் விலாவில் வைத்துக்கொள்வார். அடித் தொனி முதுகில் ஏறும். குழலிலிருந்து குரல் தலைக்கு மேலே, முரட்டுத்தனம் இல்லாமல், பலமாகப் போகும். எவ்வளவு காதில் விழுந்தது, எவ்வளவு முதுகில் விழுந்தது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ராத்திரி சாப்பிடும்போது பேசினார். பக்கத்து ஊர்க் கல்யாணங்கள், பழைய சண்டைகள், என் மாமனாரின் கஞ்சத்தனம், எல்லாம் பேசினார்.

எத்தனை வருஷமானாலும் என் அபிப்பிராயம் ஒன்றேதான். அந்தப் பெட்டிகள் அந்த ஹாலுக்குப் பெரியவை. மழைக் காலத்தில் அவற்றுக்குப் பின்னால் பூஞ்சணம் பூக்கும். நகர்த்தித் துடைக்க இரண்டு ஆள் வேண்டும். ஆனால் மாமியாரின் முக்காலி வந்த பிறகு, யார் துடைக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்கிற தொனி கொஞ்சம் மாறியிருக்கிறது என்று என் தங்கை சொல்கிறாள்.

2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. மலைப் பாதையில் மண் சரிந்து வண்டிப் போக்குவரத்து நின்றுபோயிற்று. மின்சாரம் இல்லை. அந்தச் சமயம் பார்த்து மாமியாருக்கு ஜுரம் கண்டு, மூச்சு இரைக்க ஆரம்பித்தது. கஷாயமும் கைவசம் இருந்த மாத்திரையுமாக இரண்டு ராத்திரி கழித்தோம். டீச்சரம்மா குடையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஏறி வந்து, விடிய விடியக் கூட உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு தரம் மாமியார் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குப் போய், ஊமையாக நின்ற குதிரின்மேல் கையை வைத்து, "பாட்டு ஏன் நின்னுபோச்சு?" என்று கேட்டார். கரண்ட் இல்லை அத்தை என்று காதருகில் சொன்னேன். எனக்குத்தான் இனி ஒன்றுமே கேட்காதோ என்று பயந்துவிட்டாராம், பாவம்.

பாதை திறந்ததும் சேலத்துக்குக் கொண்டுபோனோம், பிழைத்துக்கொண்டார். ஆனால் பையனும் பெண்ணும் விடவில்லை. "பாட்டியை வைத்துக்கொண்டு இனிமேல் மலையில் இருக்கக் கூடாது. கீழே ஃபிளாட் பார்த்தாகிவிட்டது" என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். இரண்டு படுக்கை அறை. ஹால் 10 அடிக்கு 12 அடி. அதில் இரண்டு குதிர்களையும் வைத்தால் நாங்கள் வராந்தாவில் குடியிருக்க வேண்டியதுதான்.

இவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, பெங்களூரிலிருந்து வாங்குகிறவர் ஒருவர் வந்தார். நாகரிகமான மனிதர். நண்டு நடை நடக்காமல் நேரே வந்து, முட்டிக்கொண்டு, பிறகு கேட்டார், ரசித்தார். சொன்ன தொகை நான் நினைத்ததைவிட அதிகம். "ஆனால் ஜோடியாகத்தான் வேண்டும்" என்றார். இவர் தலையை ஆட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை. 13 வருஷத்தில் இவர் எனக்காக ஹாலில் ஓர் அடி விட்டுக்கொடுத்ததில்லை. தம் தாயாருக்கென்றதும் ஒரு நொடியில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறார். ஆனால் அந்தத் தாயாருக்கு வேண்டியதே அதுதானே?

அவர் போன பிறகு நான் கேட்டேன்: "என்னங்க, 1958-க்கு முந்தின தட்டெல்லாம் ஒரே பெட்டிக்குப் பண்ணினதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம்."

"அவ்வையார் எந்த வருஷம்?"

இவர் என்னைப் பார்த்தார். தமிழ்ப் பாட்டுக்கள் ஸ்டீரியோவுக்கு வந்ததே 1970-களின் கடைசியில்தான்; அத்தை கேட்கிற பாட்டில் ஒன்றுகூட இரண்டு பெட்டியைக் கேட்பதில்லை. மூலையில் வைத்தால் சுவரும் கூட வேலை செய்யும் என்று அந்தக் கிளிப்ஷ் கதையைச் சொன்னதும் இவர்தான். "ஜோடியைப் பிரிக்கிறதா?" என்று மட்டும் ஒரு தரம் கேட்டார். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இடப்பக்கத்துக் குதிர், அத்தையின் அறைக்கு. வலப்பக்கத்துக் குதிரை என்ன செய்வது என்றுதான் இரண்டு நாள் திண்டாட்டம். எடைக்குப் போட இவருக்கு மனசில்லை. ஒற்றையை வாங்க ஆளில்லை. விஷயம் தெரிந்து டீச்சரம்மாவே ஏறி வந்தார். "என் ஹாலிலே இடம் இருக்கு தம்பி. அந்த சின்ன ஆம்ப்ளிபயர் ஒண்ணையும் சேர்த்துக் குடுங்க. பதின்மூணு வருஷமா டம் டம் கேட்டாச்சு, பாட்டையும்தான் கேட்டுப் பார்க்கறேன்" என்றார்.

அவர் வீட்டு ஜன்னல் 3 அடி 2 அங்குலம், பெயர்க்காமலே போய்விடும். சேலத்து ஃபிளாட்டில்தான், அத்தையின் அறை நிலை சரியாக 2 அடி 6 அங்குலம் இருக்கிறது. கட்டையைக் கொஞ்சம் இழைத்தால் நுழைந்துவிடும் என்கிறார் தச்சர். வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். கூலியை மட்டும் இந்தத் தடவை முன்கூட்டியே பேசிவிட்டேன்.